கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

அந்த நாற்காலியில உக்காராதம்மா, ஒரு கால் ஆடும். இங்க கட்டில்ல வந்து உக்காரு. பெனிட்டாதானே உன் பேரு? மிஷன் ஆபீஸ்ல இருந்து நேத்து போன் பண்ணினாவ. ஒரு பிள்ளை ஆப்பிரிக்காவுக்கு டீச்சரா போகப் போகுது, நீங்க அங்க இருந்தவங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கன்னு. யாரோ சின்னப் பையன் குரல். அவனுக்கு என் கதை தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாம் ரிட்டயர்டு ஆயிட்டாவ, இல்லைன்னா மேல போயிட்டாவ. தெரிஞ்சிருந்தா பியூலா டீச்சர்கிட்ட போய் நல்ல வார்த்தை கேக்கச் சொல்லுவாவளா?

காப்பியை எடுத்துக்கோ. கருப்பட்டி போட்டது. சீனி இந்த வீட்டுல கிடையாது.

எல்லாம் சொல்லுதேன். ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிருதேன். பெறகு, இந்தக் கெழவி வஞ்சம் வச்சுப் பேசுதான்னு நீ நினைச்சிரக் கூடாது. ஹெப்சிபா அக்காவை நான் மன்னிச்சிட்டேன். எப்பவோ மன்னிச்சாச்சு. தினமும் காலையில எந்திரிச்சதும் மன்னிக்கேன். பல்லு தேய்க்கதுக்கு முன்னாடியே மன்னிச்சிருதேன்.

அக்கா அக்கான்னு சொல்லுதேனே, அவ என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. ஆனா மிஷனரி சம்சாரம்னா எல்லாருக்கும் அக்காதான், அது அங்க வழக்கம். அவ வீட்டுக்காரர் வில்பிரட் அண்ணன், அந்தப் பணித்தளத்துக்குப் பொறுப்பா இருந்தாவ. தான்சானியா. ரயில் நிக்க டவுன்ல இருந்து ஜீப்ல ஒரு பகல் பூரா போகணும். மண்ணு நம்ம தேரி மண்ணு மாதிரி செக்கச்செவேல்னு கிடக்கும். அதைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துட்டு. கடலைத் தாண்டி இம்புட்டு தூரம் வந்தும் அதே மண்ணுதானான்னு. சிரிக்காத. அன்னிக்கு அப்படித்தான் தோணிச்சு.

என்னை எதுக்கு அனுப்பினாவன்னு கேளு. மிஷனரி பிள்ளைகளை ஆறு வயசானா ஊருக்கு அனுப்பிருவாவ, ஹாஸ்டல்ல சேக்கதுக்கு. அப்பா அம்மா அங்க, பிள்ளை இங்க. அவங்க லீவுல ஊருக்கு வந்தாத்தான் முகம் பாக்கலாம். சில பிள்ளைகள் அம்மாவைப் பாத்து, ஆன்ட்டி வாங்கன்னு சொல்லுமாம். அதை மாத்தணும்னு அப்ப இருந்தவங்க ஒரு யோசனை பண்ணினாவ. ஒரு டீச்சரை அங்கயே அனுப்பிட்டா பிள்ளைகள் பெத்தவங்ககூட இருந்து படிக்கும்லா? டீச்சர் இருந்தா ஸ்கூல் உண்டு. டீச்சர் இல்லைன்னா பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு. அந்த டீச்சர் நான். என் வேலை எவ்வளவு பெரிய வேலைன்னு இப்ப விளங்குதா?

ஊழியத்துக்கு ஆண்டவர் அழைப்பு எப்படி வந்ததுன்னு உன்கிட்டயும் கேட்டிருப்பாவளே. கேக்காம விடவே மாட்டாவ. வழியனுப்பு ஆராதனையில மைக்கைக் கையில குடுத்து, சிஸ்டர் உங்க அழைப்பைப் பத்தி சாட்சி சொல்லுங்கன்னுவாவ. நான் சொன்னேன். ஒரு நாள் காலையில ஜெபிச்சுக்கிட்டு இருக்கும்போது வசனம் கிடைச்சது, எந்திரிச்சுப் புறப்பட்டுப் போன்னு ஆண்டவர் பேசினாருன்னு சொன்னேன். சபையில பாதிப் பேரு அழுதாவ. எங்க அண்ணிகூட அழுதா.

அது பொய் இல்லம்மா. வசனம் வந்தது உண்மை. காலண்டர்ல வந்தது. அந்தக் காலண்டர் நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும்தான் தொங்கிச்சு, அது வேற விஷயம்.

உள்ளபடி என்ன நடந்ததுன்னா, எங்கம்மா செத்த பெறகு எனக்கு வீட்டுல இடம் இல்லாம போச்சு. கல்யாணம் ஆகாதவ. அண்ணன் வீடு. அண்ணி வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா அம்மா படுத்திருந்த ரூம்ல அவ தங்கச்சி மகனைக் கொண்டுவந்து படிக்க வச்சுட்டா. என் துணிமணி வராண்டாவுக்கு வந்துட்டு. அந்த நேரம் பாத்து மிஷன் பத்திரிகையில டீச்சர் தேவைன்னு போட்டிருந்தான். போயிட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னது கிடையாது. சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்ட. அதுக்குத்தான் வாறேன்.

என்னம்மா, ஏன் முகம் ஒரு மாதிரி ஆகுது? காப்பி ஆறிட்டா? சரி, கேளு.

அங்க சாப்பாடு உகாலின்னு ஒண்ணு. மக்காச்சோள மாவுக் களி. முதல்ல தொண்டையில இறங்காது. ஆனா டகான்னு ஒரு கருவாடு விப்பாவ பாரு, ஏரியில பிடிச்ச பொடி மீனு, அப்படியே நம்ம நெத்திலிதான். அதைப் பாத்த பெறகுதான் எனக்கு உசுரு வந்தது. மாமா ரெஹேமான்னு ஒரு பொம்பளை சந்தையில விப்பா. மாமான்னா அங்க அம்மா. மூத்த பிள்ளை பேரைச் சொல்லி, அதோட அம்மான்னுதான் ஒரு பொம்பளையைக் கூப்பிடுவாவ. அவ மக ரெஹேமா, அதனால அவ மாமா ரெஹேமா. ஹெப்சிபா அக்கா மாமா பெர்சிஸ். என்னை என்னன்னு கூப்பிடுவாவ? முதல் நாளே மாமா ரெஹேமா கேட்டுட்டா, உன் மூத்த பிள்ளை பேரு என்னன்னு. இல்லைன்னு சொன்னேன். அவளுக்கு என்ன பண்ணன்னு தெரியல. நாலு கருவாடு கூடுதலா அள்ளிப் போட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கருவாட்டை அங்கனயே கொட்டிட்டு வந்திருக்கணும். கொட்டல. நல்ல கருவாடு.

பெறகு பெர்சிஸ் என்கூட சந்தைக்கு வர ஆரம்பிச்சா. ஹெப்சிபா அக்காவோட மூத்த மக. ஆறு வயசுல ஹாஸ்டலுக்கு அனுப்பாம, அக்காவே கூட வச்சு வீட்டுல பாடம் சொல்லிக்கொடுத்திருக்கா. பதினோரு வயசு. ஸ்கூல்னு சொன்னாலும் மூணு குடும்பத்துப் பிள்ளைகள், ஒரு கை விரல்ல எண்ணிரலாம். அதுல இவதான் பெரியவ. சந்தையில எனக்காக சுவாகிலி பேசுவா. அங்க நம்மளை மாதிரி, இது என்ன விலைன்னு பட்டுனு கேட்டிரக் கூடாது. வீட்டுல நல்லாருக்காவளா, ராத்திரி நல்லா தூங்கினியா, ஆடு மாடு நல்லாருக்கான்னு எல்லாம் விசாரிச்சு முடிச்சுத்தான் கருவாட்டுக்கு வரணும். எனக்குப் பொறுமை கிடையாது. பெர்சிஸ் நின்னு ஒவ்வொண்ணா கேப்பா. ஒரு நாள் வேற கடைக்காரி ஒருத்தி எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு என்னை மாமா பெர்சிஸ்னு கூப்பிட்டா. பிள்ளை என் முகத்தைப் பாத்தா. நான் இல்லைன்னு சொல்லல. அவளும் சொல்லல. கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்தப் பிள்ளை மேல எனக்கு உசுரும்மா. அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல. கண்டிப்பும் உண்டு. 'எங்கள் ஊர்'னு கட்டுரை எழுதச் சொன்னா, அந்தச் சந்தையையும் தண்ணி பம்பையும் மாமா ரெஹேமாவையும் எழுதி வச்சிருக்கா. சிவப்பு மையால ஒரு கோடு போட்டேன். உன் ஊரு மூக்குப்பீறிட்டீ, அதை எழுதுன்னேன். "நான் மூக்குப்பீறியைப் பாத்த ஞாபகமே இல்லையே டீச்சர்" ன்னா. பாத்தா என்ன, பாக்காட்டா என்ன, ஊரு ஊருதானே? நான் சொல்லச் சொல்ல எழுதினா. பனைமரம், கோயில் கோபுரம், ஊரே உக்காந்து சாப்பிடுத அசனப் பந்தி எல்லாம் வந்தது. பத்துக்கு ஒம்பது போட்டேன்.

அவதான் ஒரு நாள் வகுப்பு முடிஞ்சும் போகாம நின்னா. போர்டை அழிச்சுக்கிட்டே நிக்கா. அழிச்ச இடத்தையே அழிக்கா. என்னட்டீன்னு கேட்டேன். "டீச்சர், அம்மா ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுறாங்க. தினமும் அழுறாங்க. பெட்டியில துணியெல்லாம் எடுத்து வச்சிருக்காங்க. ஊருக்குப் போயிருவாங்களாம். அப்பாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுறேன்."

எனக்கு நெஞ்சு கலங்கிட்டு. சொல்ல மாட்டேன்டீன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாத குறைதான். பாரு, தைரியமா இரு, எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு சொல்லி அனுப்பினேன். சொன்னதோட விட்டுட்டு இருக்கவளா நான்? பாரத்தோட ஜெபிச்சேன். புதன்கிழமை எல்லாக் குடும்பமும் வில்பிரட் அண்ணன் வீட்டுல கூடுவோம், ஆளுக்கு ஒரு ஜெபம் ஏறெடுக்கணும். என் முறை வந்தது. எல்லாரும் முழங்கால்ல நிக்கோம். "ஆண்டவரே, எங்கள் அக்கா ஸ்டோர் ரூமிலே கதவை அடைத்துக்கொண்டு சிந்துகிற கண்ணீரை நீர் காண்கிறீர் அப்பா. பெட்டியிலே துணிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களே, ஊருக்குப் போய்விட வேண்டும் என்கிற அந்த எண்ணத்தை வேரோடே பிடுங்கிப் போடும்" அப்படின்னு ஜெபிச்சேன். நெஞ்சுல இருந்து வந்த ஜெபம்மா அது. என் கண்ணுல தண்ணியா ஓடுது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, வில்பிரட் அண்ணன் சம்சாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. அவ தரையைப் பாத்துக்கிட்டு இருக்கா. மத்த ரெண்டு அக்காமாரும் பைபிளை எடுத்துக்கிட்டு எந்திரிக்காவ, காப்பிகூடக் குடிக்கல. ஒரு நன்றி சொல்லணுமே ஒருத்தராவது? அவ்வளவு பாரத்தோட ஜெபிச்சிருக்கேன்!

அதுக்குப் பெறகு பெர்சிஸ் சந்தைக்கு வரல. வகுப்புல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவா, அவ்வளவுதான். என்னட்டீ, என்ன கோவம்னு கேட்டேன். ஒண்ணுமில்ல டீச்சர்னா. பெரிய பிள்ளை ஆகப் போற வயசுலா, அந்த வயசுல பிள்ளைகள் அப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடும். நான் முப்பது வருஷம் டீச்சர், எனக்குத் தெரியாதா?

ஏம்மா, நீ என்ன சொல்லாமக் கொள்ளாம அழுத? காப்பியைக் கீழ வை, கீழ வை. சேலை முந்தானையால துடைச்சுக்கோ. என்னாச்சு? சொல்லு. இந்த வீட்டுல நான் ஒருத்திதான். சொல்லுட்டீ.

ம்.

அப்படியா? வயித்துல இருக்கும்போதே உங்கம்மா உன்னை ஊழியத்துக்குன்னு ஒப்புக்கொடுத்துட்டாளா? ஆமா, முன்னால ரெண்டு தங்காமப் போனா நேர்ந்துக்கிடத்தான் செய்வாவ. நல்லதுதானே. உனக்குப் போக மனசில்லையா? சுத்தமாவே இல்லையா? ஓ. பையன் ஒருத்தன் இருக்கானா? என்ன வேலை? பேங்க்லயா? நம்ம சபையா? ஆர்.சி.யா! கத்தோலிக்கப் பையனா! சரி, சரி. அம்மாவுக்குத் தெரியாதா? பாவம், எப்படிச் சொல்லுவ. செத்துருவேன்னு சொல்லுவாளாக்கும். அம்மாமாரு அப்படித்தான் சொல்லுவாவ.

அழாத. நீ என் மக மாதிரி. என்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு. வாயில இருந்து வெளிய வராது. ஒருத்தர் நம்பிச் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லது எவ்வளவு பெரிய துரோகம்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? கேளு, என் கதையைக் கேளு, உன் சங்கடம் உனக்கே சின்னதாத் தெரியும்.

எனக்கு மலேரியா வந்தது. குளிருன்னா குளிரு, கட்டிலே ஆடுது. யாரு வந்து பாத்தாங்கற? ஹெப்சிபா அக்காதான். அதுவரைக்கும் என்கூடச் சரியாப் பேசாதவ, கஞ்சி கொண்டு வந்து ஊட்டுதா. நெத்தியில துணி நனைச்சுப் போடுதா. என் பாவாடையைக்கூட அவதான் துவைச்சா. காய்ச்சல் இறங்கின அன்னிக்குக் கட்டில் ஓரத்துல உக்காந்து கால் பிடிச்சு விட்டுக்கிட்டே கேட்டா: "ஏன் பியூலா, உனக்கு இங்க வரணும்னு எப்படித் தோணுச்சு? சாட்சி வேண்டாம். உள்ளதைச் சொல்லு. எனக்கு இங்க இருக்கவே முடியல, நீ எப்படி இருக்கன்னு தெரிஞ்சுக்கிடக் கேக்கேன்."

எங்கம்மாவுக்குப் பெறகு என் காலை யாரும் தொட்டது கிடையாது. சொல்லிட்டேன். வராண்டா, அண்ணி, காலண்டர், எல்லாத்தையும் கொட்டிட்டேன். அழைப்புன்னு எனக்கு ஒண்ணும் வரலக்கா, போக்கிடம் இல்லாம வந்தேன்னேன். அவளும் அழுதா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கான்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சு, நான் யார்கிட்டட்டீ சொல்லப் போறேன்னு சொன்னா. இந்தக் கையை.

அடுத்த மாசம் ஊர்ல இருந்து மிஷன் செயலாளர் வந்தாவ. அவிய வந்தா ஒரு நாள் பூரா உபவாச ஜெபம். எல்லாரும் பாய் விரிச்சு உக்காந்திருக்கோம், பிள்ளைகளும் இருக்கு. மத்தியானத்துக்கு மேல, பசியில கண்ணு இருட்டுத நேரம், ஹெப்சிபா அக்கா முறை வருது. சொல்லுதா கேளு: "அன்பின் பிதாவே, எங்கள் தங்கை பியூலாவை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். அழைப்பில்லாமல் வந்துவிட்டேன் என்று அவள் உடைந்து அழுதாளே. அண்ணன் வீட்டில் இடமில்லாமல் புறப்பட்டு வந்தேன் என்று சொன்னாளே அப்பா. அவளை மன்னியும். மெய்யான அழைப்பை அவளுக்குத் தாரும்."

செயலாளர் சத்தமா ஆமென் சொல்லுதாவ.

கண்ணைத் திறக்கவா, மூடிக்கவான்னு தெரியல. எல்லாரும் கண்ணை மூடிட்டு என்னையே பாக்க மாதிரி இருக்கு. எந்திரிச்சு ஓடவும் முடியாது, ஜெபத்துக்கு நடுவுல எப்படி எந்திரிக்க? பொய்னு கத்தவும் முடியாது. நேருக்கு நேர் திட்டினா திருப்பித் திட்டலாம். ஜெபத்தை என்ன பண்ணுவ? அதுதான் அவ சாமர்த்தியம். மனுஷரைக் கூட்டி வச்சுக்கிட்டு, ஆண்டவரைப் பாத்துப் பேசுத மாதிரி பேசுதா! அவருக்குத் தெரியாதா என் கதை? அவருக்கு இவ சொல்லியா தெரியணும்?

உபவாசம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிடுதாவ. செயலாளர் கையைக் கழுவிட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சிஸ்டர், அந்த ஜெபக்குறிப்பு உண்மைதானா?" ன்னு கேட்டாவ. ஜெபக்குறிப்பு! என் வாழ்க்கை அங்க ஜெபக்குறிப்பு ஆயிட்டு. உண்மைன்னேன். என்ன சொல்ல? "அப்படின்னா நீங்க ஊருக்குத் திரும்பி, நல்லாக் காத்திருந்து, ஆண்டவருடைய சித்தத்தை அறிஞ்சுக்கிடது நல்லது"ன்னுட்டாவ. நல்ல மாதிரியாத்தான் சொன்னாவ. பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தினது, மலேரியாவோட எந்திரிச்சு வந்து பரீட்சை வச்சது, ஒண்ணும் கணக்குல இல்ல. அழைப்பு இல்லையாம்.

ஹெப்சிபா அக்கா வீட்டுக்கு நேராப் போனேன். அடுக்களையில நின்னா. ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? "நான் யார்கிட்டயும் சொல்லலியே பியூலா. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன். உனக்காகப் பாரப்பட்டுத்தானே ஜெபிச்சேன்." கண்ணுல தண்ணி வேற. எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் பாத்தியா! ஜெபத்தை வச்சு ஒருத்தியைக் குத்திட்டு, ஆண்டவர் பேரைச் சொல்லித் தப்பிக்கதுக்கு ஒரு மனசு வேணும்லா? எனக்கு அது வராது. நான் ஜெபிச்சா நெஞ்சுல இருந்து ஜெபிப்பேன்.

வெளிய வந்தா பெர்சிஸ் பம்படியில நிக்கா. எனக்குத் தாங்கல. அவளைப் பிடிச்சு, "உங்கம்மா பண்ணினது சரியாட்டீ? நீயே சொல்லு" ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை வாளியைக் கீழ வச்சுட்டு, என்னை நேராப் பாத்து, "நீங்க எங்க அம்மாவுக்குப் பண்ணினீங்கல்லா டீச்சர்" ன்னு சொல்லுது.

பதினோரு வயசு! யாரு சொல்லிக்கொடுத்திருப்பா? அம்மாதான். அந்தப் பிள்ளையையும் எனக்கு எதிரா ஆக்கிட்டா. நான் மகளா நினைச்ச பிள்ளை. நான் என்ன பண்ணினேன் அவங்க அம்மாவுக்கு? ஜெபிச்சேன். அது ஒரு குத்தமா? அதுவும் இதுவும் ஒண்ணா? நீயே சொல்லு. நீ படிச்ச பிள்ளை.

என்ன, மணியைப் பாக்க? சரி.

ஆனா நடந்ததைப் பாரு. டீச்சர் போனா ஸ்கூல் ஏது? அடுத்த டீச்சர் எப்ப வருவான்னு தெரியாது. இப்ப உன்னைத்தான் அனுப்புதாவ, இத்தனை வருஷம் கழிச்சு. சின்னப் பிள்ளைகளை அம்மாமாரு வச்சு ஏதோ சொல்லிக்கொடுக்கலாம்னு விட்டுட்டாவ. பெர்சிஸ் பெரிய வகுப்பு. ஹாஸ்டலுக்கு அனுப்பணும்னு செயலாளர் சொல்லிட்டாவ. தனியா எப்படி அனுப்ப? அதான் பியூலா சிஸ்டர் ஊருக்குப் போறாங்களே, அவங்ககூடவே அனுப்பிருங்கன்னு முடிவு பண்ணினாவ.

டவுன் வரைக்கும் அண்ணனும் அக்காவும் ஜீப்ல வந்தாவ. ஸ்டேஷன்ல ஹெப்சிபா பிள்ளைக்குத் தலை சீவி விடுதா. சீவினதை அவுத்துட்டுத் திரும்பச் சீவுதா. ரயில் வந்துட்டு, ஒரு பக்கம் பின்னலாவும் ஒரு பக்கம் அவுந்தும் கிடக்கு. அப்படியே ஏத்தி விட்டா. என் முகத்தை அவ பாக்கல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா, உன் வாயால நீயே உன் பிள்ளையை அனுப்பிக்கிட்ட, நல்லா அனுபவின்னு நினைச்சேன். பெறகு மன்னிச்சேன். அது பெறகு.

ரயில்ல நான் அந்த மத்தப் பின்னலைப் பின்னி விடப் போனேன். தலையை நகட்டிக்கிட்டா. ஏரோப்ளேன்லயும் பக்கத்து சீட்டுதான். மெட்ராஸ் வந்து இறங்குத வரைக்கும் ஒரு பக்கம் பின்னலோடதான் வந்தா. ஒரு வார்த்தை பேசல. தண்ணி வேணுமாட்டீன்னா வேண்டாம். பசிக்காட்டீன்னா இல்ல. ஹாஸ்டல் வாசல்ல விட்டுட்டு, டீச்சர் உன்னை அடிக்கடி வந்து பாப்பேன்னு சொன்னேன். "வராதீங்க" ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. வராதீங்க டீச்சர்னுதான் சொன்னா.

இப்ப எங்கயோ வெளிநாட்டுல நர்ஸா இருக்காளாம். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல. ஹெப்சிபா போன வருஷம் தவறிட்டான்னு கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் சொல்லல, சபையில ஜெபக்குறிப்பு வாசிக்கும்போதுதான் தெரிஞ்சது. அடக்கத்துக்கு நான் போகல. போனா, பியூலா இன்னும் மன்னிக்கலன்னு பேசிருவாவ. போகாட்டாலும் பேசத்தான் செய்வாவ.

அதனால உனக்கு நான் சொல்லது ஒண்ணுதான். நீ போ, போகாம இரு, அது உன் இஷ்டம். ஆனா அங்க போனா யார்கிட்டயும் மனசைத் திறந்துராத. கால் பிடிச்சு விட்டாலும் திறக்காத. நல்லவங்க மாதிரித்தான் இருப்பாவ. நான் ஏமாந்த மாதிரி நீ ஏமாறாத.

கேட் சத்தம் கேக்குதே. யாரு? வாங்க, வாங்க. பெனிட்டா அம்மாவா, உள்ள வாங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக நேரா வந்துட்டீங்களா? அந்த நாற்காலி வேண்டாம், இங்க உக்காருங்க. நல்ல பிள்ளையா வளத்திருக்கீங்க. ரெண்டு பேரும் நிறையப் பேசிட்டு இருந்தோம். காப்பி வேண்டாமா? பஸ்ஸுக்கு நேரமாயிட்டா? சரி, அப்ப ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு அனுப்பிருதேன். ஜெபிக்காம இந்த வீட்டுல இருந்து யாரையும் நான் அனுப்பினது இல்ல. அம்மாவும் மகளும் இப்படிப் பக்கத்துல முழங்கால் போடுங்க. பிள்ளை, முக்காடு போட்டுக்கோ. கையைத் தா.

அன்பின் பரலோக பிதாவே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். இந்தத் தாயையும் மகளையும் உம்முடைய கரத்தில் கொடுக்கிறேன் அப்பா. ஊழியத்துக்குப் போக எனக்குச் சற்றும் மனதில்லையே என்று இந்தப் பிள்ளை என்னிடத்தில் கண்ணீரோடு சொன்னாளே. வங்கியில் வேலை பார்க்கிற அந்த ஆர்.சி. வாலிபனை நேசிக்கிறேன், அம்மாவிடம் சொல்லப் பயமாயிருக்கிறது என்று உடைந்து அழுதாளே. ஆண்டவரே, அவளுடைய இருதயத்தை...

ஏம்மா கையை உருவுத? இரு, இரு. ஜெபம் இன்னும் முடியல.